வெத்து மாத்திரைக்கு ஒரு கும்பிடு

ஏலே பேராண்டி, கொஞ்சம் நில்லு. கையில என்னது, மருந்துக் குப்பியா? கொண்டா பாப்போம். "நாள்பட்ட அசதி தீரும். மன அழுத்தம் குறையும். நல்லாத் தூக்கம் வரும். நாள் பூரா சுறுசுறுப்பு இருக்கும்." அடேயப்பா! தூக்கமும் சுறுசுறுப்பும் ஒரே குப்பிக்குள்ள எப்படிடே குடித்தனம் பண்ணுது? சண்டை வராதா?

உள்ள என்ன சரக்குன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான் பாரு. அசுவகந்தா. அட கூறுகெட்ட பயலே, இது நம்ம அமுக்கராக் கிழங்குல்லா! நாட்டு மருந்துக் கடையில காகிதத்துல மடிச்சுக் குடுக்குற சாமான். அங்க போய் நின்னா உனக்குக் கௌரவக் குறைச்சல். அதையே குப்பியில அடைச்சு, குதிரைப் படம் ஒட்டி, போன்ல தட்டுனா வீட்டு வாசலுக்கு வருதுன்னா பவுன் விலை குடுத்து வாங்குத. கத்திரிக்காயும் தக்காளியும் இந்தக் கிழங்குக்குச் சித்தப்பன் பெரியப்பன் மக்க, தெரியுமா? ஒரே குடும்பத்துச் செடிக. கத்திரிக்காய்க்கு இன்னும் எவனும் குதிரைப் படம் ஒட்டல. அதுவரைக்கும் சந்தோசம்.

சரி, உனக்கு என்ன செய்யுது? அசதியா? ராத்திரி எத்தன மணிக்குப் படுக்க? ரெண்டு மணியா? காலம்பற எப்பம் எந்திரிக்க? ஏழுக்கா? நடுவுல எத்தன தடவை போனைத் தடவிப் பாத்த? மத்தியானம் கொட்டாவி வந்தா அதுக்கு ஒரு காப்பி. சாயங்காலம் நெஞ்சு படபடன்னா அதுக்கு ஒரு மாத்திரை. இதுக்குக் கிழங்கு என்னடே செய்யும், பாவம்? மண்ணுக்குள்ள கம்முன்னு கிடந்த ஜீவன். அதைத் தோண்டி எடுத்து உன் போனோட மல்லுக்கட்டச் சொன்னா அது எங்க போய் முறையிடும்?

ஆனா எல்லாரு அசதியும் உன் அசதி இல்ல. இங்கன கேலியைக் கொஞ்சம் கீழ இறக்கி வைக்கேன். 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புல, நம்ம நாட்டுல 15 முதல் 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைகள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. உங்க அம்மை அடுப்படியில சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்காளே, அது சோம்பேறித்தனம் இல்லடே, ரத்தத்துல இரும்பு இல்ல. தைராய்டு சுரப்பி படுத்தாலும் அசதி வரும். சர்க்கரை ஏறினாலும் வரும். காசம் வந்தாலும் வரும். குறட்டை விட்டு விட்டு நடுவுல மூச்சு நிக்கிற ஆளுக்கு எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின சொகம் கிடைக்காது. மனசு விட்டுப்போன ஆளுக்குக் கட்டிலை விட்டு இறங்குறதே மலையேத்தம். இதுல எது உனக்குன்னு பாக்காம குப்பியைத் திறக்கலாமா? நோய்க்கும் பாக்கணும், பேய்க்கும் பாக்கணும்னு பெரியவங்க சொன்னாவ. நீ ரெண்டையும் விட்டுட்டு விளம்பரத்தைப் பாக்க.

இதுக்கெல்லாம் அங்கிட்டு இன்னொண்ணு இருக்கு. ஆறு மாசத்துக்கு மேல அசதி. தூங்கி எந்திரிச்சாலும் தீராது. கடைக்குப் போயிட்டு வந்தா, மறுநாளோ அதுக்கு மறுநாளோ ஆளைக் கட்டில்ல சாய்ச்சிரும். யோசிச்சா மூளை மங்கும். எந்திரிச்சு நின்னா தலை சுத்தும். இதைக் காட்டிக்குடுக்க ஒரு ரத்தச் சோதனையும் இல்ல. தீக்கிறதுக்குன்னு ஒரு மருந்தும் இல்ல. 1955-ல லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில கிட்டத்தட்ட 300 பேரை இந்த மாதிரி ஒரு சீக்கு அடிச்சுது. அதுல அநேகமா எல்லாரும் அங்க வேலை பாத்தவங்கதான். ஆஸ்பத்திரியையே மூடவேண்டி வந்துச்சு. பதினஞ்சு வருசம் கழிச்சு ரெண்டு மனநல டாக்டருமாரு பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பாத்து, இது கூட்டமா வந்த மனக்கோளாறுன்னு எழுதிட்டாவ. சீக்காளியைக் கூப்பிட்டுக் கேக்கல. அடிபட்டதுல பொம்பளைக அதிகம் பாத்தியா, அப்பம் மனக்கோளாறாத்தான் இருக்கணும்! படிச்சவன் பண்ணுத ஓரவஞ்சனைக்கு பட்டிக்காட்டான் எம்புட்டோ தேவலை. 2015-ல அமெரிக்காவுல மருத்துவ நிபுணர் குழு ஒண்ணு உக்காந்து, இது நிசமான உடம்புச் சீக்குதான்னு சொன்னுச்சு. 'நல்லா நடங்க, உடற்பயிற்சியைக் கூட்டிக்கிட்டே போங்க'ன்னு அவங்களை விரட்டிக்கிட்டு இருந்த வைத்தியத்தை 2021-ல இங்கிலாந்துக்காரனே வேண்டாம்னு கைவிட்டான். அப்படிப்பட்ட சீக்காளி முன்னால போய் 'நானும் டயர்டுதான்'னு சொல்லாத. அடி வாங்குவ. அவங்களால அடிக்க முடியலைன்னா நான் அடிப்பேன்.

சரி, செடி கொடியில அசதிக்கு மருந்து இருக்கான்னு ஆராய்ச்சிக்காரன் எப்படிடே பாக்கான்? ரொம்ப காலமா அவன் பிடிச்சது எலியை. ரஷ்யாவுல லாசரெவ்னு ஒருத்தரு. 1947 வாக்குல அவரு, உடம்பு எந்தக் கஷ்டத்தையும் தாங்கும்படியா பண்ணுத சரக்குக்கு 'அடாப்டோஜென்'னு பேரு வச்சாரு. அவருக்குப் பின்னால பிரெக்மன்னு ஒருத்தரு, சைபீரியக் காட்டு வேரு, ஜின்செங்கு இதுகளை எலிக்கும் குடுத்துப் பாத்தாரு, மனுசனுக்கும் குடுத்துப் பாத்தாரு. எலிக்கு என்ன பரீட்சைங்க? தொட்டித் தண்ணியில போடுதான். சில இடத்துல வால்ல சின்னதா ஒரு பாரத்தையும் கட்டி விடுதான். எலி நீந்துது. எப்பம் முங்கப் போகுதுன்னு கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். பச்சிலைச் சாறு குடிச்ச எலி கூடக் கொஞ்ச நேரம் நீந்துச்சுன்னா, 'அசதி நீக்கும் மூலிகை'ன்னு எழுதிப்பிடுதான்.

எலி எதுக்கு நீந்துது? உயிருக்குப் பயந்து. நீ ஆபீசுக்கு உயிருக்குப் பயந்தா போற? உன் மேனேஜரைப் பொறுத்தது, அது வேற. ஆனா எலிக்கு மாசத் தவணை கட்டுத வேலை உண்டா? மாமியா உண்டா? நடுராத்திரி வாட்ஸ்அப் குரூப் உண்டா? கையைக் காலை உதறுததை அது நிப்பாட்டினா, அசந்துபோச்சா, இல்ல 'இந்தக் கோட்டிக்காரப் பயகிட்ட மாட்டிக்கிட்டோமே'ன்னு சலிச்சுப்போச்சான்னு யாரு கேட்டா? எலிச் சோதனை வேண்டாம்னு நான் சொல்லல. மனுசனுக்குக் குடுக்கறதுக்கு முன்னால விசமா இல்லையான்னு தெரியணும். அது வாசப்படி. வாசப்படியில நின்னுக்கிட்டே கிரகப்பிரவேசம் முடிஞ்சுபோச்சுன்னு பாயாசம் கேக்கான் பாரு, அவனைத்தான் எனக்குப் பிடிக்காது.

நம்ம பொதிகை மலையில நடந்த கதை தெரியுமா? தெரியாது. உனக்கு அமேசான் காடு தெரியும், அம்பாசமுத்திரத்துக்கு மேக்க என்ன இருக்குன்னு தெரியாது. 1987-ல மலைக்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரம் சீமையில, புஷ்பாங்கதன், ராஜசேகரன்னு ஆராய்ச்சிக்காரரு சில பேரு காட்டுக்குள்ள ஏறினாவ. பழங்குடி மக்க எந்தச் செடியை எதுக்கு வச்சிருக்காவன்னு பாக்குத வேலை. வழி காட்டக் காணிக்காரப் பையங்க. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்லா? ஏறினா, படிச்சவங்களுக்கு நாக்கு தள்ளுது. பையங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்காங்க. நடுநடுவுல சின்னதா ஒரு காயை வாயில போட்டுக்கிடுதாங்க. "எங்களுக்கும் குடுப்பா"ன்னு வாங்கித் தின்னா, இவங்களுக்கும் தெம்பு வந்துச்சாம். என்ன செடின்னு கேட்டா, பையங்க வாயத் திறக்கல. குலத்து ரகசியம்டே. கெஞ்சிக் கூத்தாடித்தான் காட்டினாங்க. தரையோட தரையா, நிழல்ல கிடக்குற சின்னச் செடி. ஆரோக்கியப்பச்சைன்னு பேரு. வள்ளிக்கிழங்கு வகையறா.

நீ உடனே வாயைப் பொளக்காத. அந்தக் காட்டுல யாரு அசந்தா? மேசை நாக்காலியில உக்காந்தவங்க அசந்தாவ. யாரு அசரல? நடக்கப் பழகின நாள்லேர்ந்து மலையேறுத பையங்க அசரல. இதுல காய்க்குப் பங்கு எவ்வளவு, கெண்டைக்காலுக்குப் பங்கு எவ்வளவு? பசிச்சு வேர்த்து நிக்கிறவனுக்கு, 'இது பெரிய ரகசியம், யாருகிட்டயும் சொல்லிராதீங்க'ன்னு ஒரு கொய்யாப்பழத்தைக் குடுத்தாலும் தெம்பு வரும். ரகசியம் இருக்கே, அதுவே பாதி சத்து.

ஆனா அந்த மனுசங்க அத்தோட விடல, அதுதான் அவங்க பெருமை. செடியைக் கொண்டுபோய் ஜம்மு ஆராய்ச்சிக்கூடம் வரைக்கும் அலைஞ்சாவ. அங்கயும் எலிதான் நீந்துச்சு, வேற யாரு? 1988-ல 'காணி மக்களோட ஜின்செங்'னு கட்டுரை எழுதினாவ. பாத்தியா, நம்ம காட்டுப் பச்சிலைக்குப் பந்தியில இடம் கிடைக்கணும்னா கொரியாக்காரன் வேரு பேரைச் சொல்லித்தான் உக்கார வேண்டியிருக்கு. அப்புறம் பாலோடு தாவரவியல் தோட்டத்துல அதை மருந்தாக்கி 'ஜீவனி'ன்னு பேரு வச்சாவ. அதுல ஆரோக்கியப்பச்சை மட்டுமா இருந்துச்சு? நம்ம அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தின்னு கூட மூணு பேரைச் சேத்துக்கிட்டாவ. இப்பம் சொல்லு. ஜீவனி தின்னு ஒருத்தன் துள்ளிக் குதிச்சா, குதிக்க வச்சது நாலுல எது? இன்னொரு வேடிக்கை கேளு. காட்டுல பையங்க தின்னது காய். மருந்துல போட்டது இலை. காய் பண்ணின வேலையை இலையும் பண்ணுமா? அதை இலையை வச்சுத்தான் சோதிக்கணும், காய்க் கதையைச் சொல்லி விக்கக் கூடாது.

பணக்கணக்குல மட்டும் இந்தக் கதை நம்ம ஊரு கதைகளைவிடக் கொஞ்சம் யோக்கியம். 1995-ல கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருசத்துக்கு உரிமம் குடுத்தாவ. 10 லட்ச ரூவா, அதுபோக விக்கிறதுல 2 சதவீதம். வர்றதுல பாதி காணி மக்களுக்குன்னு பேச்சு. 1997-ல அவங்களுக்குன்னு ஒரு டிரஸ்ட் பதிவு பண்ணி, 1999-ல 5 லட்சத்து 19 ஆயிரம் ரூவாயைக் கட்டினாவ. உலகத்துலயே முன்மாதிரின்னு கைதட்டினாவ. கைதட்டட்டும், தப்பில்ல. ஆனா அவங்க வைத்தியக்காரப் பெரியவங்க, பிளாத்தின்னு சொல்லுவாவ, அதுல சில பேரு 'எங்க குலத்து அறிவை விக்க நீங்க யாரு'ன்னு கேட்டதும் உண்டு. அதுக்கு யாரும் கைதட்டல. மலை என்னமோ ஒண்ணுதான். பாவநாசத்துக்கு மேல நம்ம பக்கமும் காணிக்காரங்க இருக்காவ. டிரஸ்ட் பேருலயே கேரளான்னு எழுதியாச்சு. செடிக்கு எல்லைக்கல் தெரியாது, ரூவாய்க்கு நல்லாவே தெரியும்.

இப்பம் கும்பிடுத விசயத்துக்கு வாரேன். ஆராய்ச்சிக்காரன் பண்ணுத அலப்பறை அத்தனையையும் நான் கேலி பண்ணுவேன். ஒண்ணை மட்டும் கேலி பண்ண மாட்டேன். வெத்து மாத்திரை.

என்னது வெத்து மாத்திரையா? ஆமா. மருந்து மாத்திரை என்ன நெறமோ அதே நெறம். அதே தடி. உள்ள சரக்கு மட்டும் கிடையாது. ஆளுகளைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெத்து. எவனுக்கு எதுன்னு தின்னுதவனுக்கும் தெரியாது, குடுக்குத டாக்டருக்கும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு வைத்தியமான்னு கேப்ப. அதுலதான்டே சூட்சுமம். புது உரம் விக்க ஒருத்தன் வாரான்னு வையி. கூறுள்ள சம்சாரி என்ன செய்வான்? ஒரு வயல்ல போடுவான், பக்கத்து வயலைச் சும்மா விடுவான். ரெண்டுக்கும் விதை ஒண்ணு, தண்ணி ஒண்ணு, மழை ஒண்ணு. அறுப்பன்னைக்கு வெளைஞ்சது உரத்தாலயா மழையாலயான்னு களத்துமேடு சொல்லிரும். வெத்து மாத்திரைங்கிறது அந்தச் சும்மா விட்ட வயலு. அவ்வளவுதான்.

அசதிக்கு இது ரொம்ப அவசியம். ஏன்னா அசதி ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். நீ எப்பம் மருந்து வாங்குத? உச்சத்துல இருக்கும்போது. அதுக்கப்புறம் அது தன்னால இறங்கும். இறங்கினதும் குப்பியைக் கும்பிடுத. போதாக்குறைக்கு, ஒரு டாக்டரு வாராவாரம் 'எப்படி இருக்கீங்க'ன்னு முகத்தைப் பாத்துக் கேட்டாலே பாதிச் சீக்கு போயிரும். உன் வீட்டுல உன்னை அப்படி யாரு கேக்கா?

இப்பம் அமுக்கரா கணக்கைப் பாப்போம். 2012-ல ஹைதராபாத்துல மன அழுத்தக்காரங்க 64 பேரு. 60 நாளு. ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறுன்னு ரெண்டு வேளை. ரத்தத்துல கார்டிசால்னு ஒண்ணு இருக்கு, பதட்டத்துல ஏறுத சரக்கு. அது மருந்துக்காரங்களுக்கு 27.9 சதவீதம் இறங்குச்சு, வெத்துக்காரங்களுக்கு 7.9. நல்ல சேதி. சின்னக் கூட்டம், ஆனாலும் நல்ல சேதி. இதை எல்லாக் குப்பிக்காரனும் நெத்தியில ஒட்டிக்கிட்டான்.

2019-ல ஆஸ்திரேலியாவுல இன்னொண்ணு. 40-லேர்ந்து 70 வயசு வரைக்கும், உடம்பு போட்ட, லேசா அசதியுள்ள ஆம்பளைக. எட்டு வாரம் மருந்து, எட்டு வாரம் வெத்து, ஆளை மாத்தி மாத்தி. என்ன ஆச்சு? ஆண்மைச் சுரப்பு வெத்தைவிட 14.7 சதவீதம் கூடுச்சு. ஆகா! அசதி? வெத்து மாத்திரைக்கும் இதுக்கும் சொல்லிக்கிடுத வித்தியாசம் இல்ல. தெம்பு? அதுலயும் இல்ல. ரத்தத்துல ஏறுச்சு, ஆளு எந்திரிக்கல. எந்தப் பாதியை விளம்பரத்துல போட்டிருப்பான்னு நினைக்க?

2023-ல ஆஸ்திரேலிய ஆளுகளே இன்னொண்ணும் பண்ணினாவ. அழுத்தமும் அசதியும் சேந்து உள்ளவங்க 120 பேரு, 12 வாரம். இந்தத் தடவை கதை தலைகீழு. மன அழுத்தம் ரெண்டு கூட்டத்துக்கும் குறைஞ்சுது, வெத்து தின்னவனுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைஞ்சுது. அசதியில மட்டும் மருந்துக்காரங்க ஒரு படி முன்னால நின்னாவ. இந்த அசதியை எப்படி அளந்தாவங்க? லண்டன்ல ஒரு அம்மா உண்டாக்கின கேள்வித்தாளு, சால்டர் அளவுகோலுன்னு பேரு. மொத்தம் 11 கேள்வி. 'தெம்பு இல்லாம இருக்கா?' 'யோசிக்கச் சிரமமா இருக்கா?' அவ்வளவுதான். படியும் தராசும் இல்லாத சரக்கை வேற எப்படி அளக்க? ஆளைத்தான் கேக்கணும். ஆளு சொல்லுதது ஆசையால மாறும். அதனாலதான் வெத்து மாத்திரை வேணுங்கேன்.

மலேசியாவுல, கிளந்தான் பக்கம், மார்புப் புத்துநோய்க்கு மருந்து ஏத்திக்கிட்டிருந்த 100 பொம்பளைக. அதுல ஒரு பகுதிக்கு எட்டு மணிக்கொரு தடவை ரெண்டு கிராம் அமுக்கரா. அவங்களுக்கு அசதி குறைஞ்சுதுன்னு 2013-ல எழுதினாவ. ஆனா அங்க குலுக்கலும் இல்ல, வெத்தும் இல்ல. மருந்து திங்கோம்னு அவங்களுக்கும் தெரியும், குடுத்தவங்களுக்கும் தெரியும். பாவம் அந்த மக்க படுத பாட்டுக்கு எது குறைஞ்சாலும் சந்தோசம். ஆனா சாட்சின்னு வந்தா, அது அரைச் சாட்சி. 2021-ல நம்ம ஆயுஷ் அமைச்சகமும் லண்டன் ஆராய்ச்சிப் பள்ளி ஒண்ணும் சேந்து, கொரோனா வந்துபோன பின்னால அசந்து கிடக்கிற 2000 பேருக்குக் குடுத்துப் பாக்கப் போறோம்னாவ. ஆயிரம் பேருக்கு அமுக்கரா, ஆயிரம் பேருக்கு வெத்து. அதைக் கேட்டதும் எனக்குக் கும்பிடத் தோணுச்சு. வெள்ளைக்காரன் ஊருன்னு இல்லடே, அந்த வெத்து ஆயிரத்துக்காக.

அப்பம் இது நல்ல கிழங்கா கெட்ட கிழங்கா? ரெண்டும் இல்ல. கொஞ்சம் வேலை செய்யுத கிழங்கு, சில பேருக்கு, சில அசதிக்கு. நான் முன்ன சொன்னேனே, கட்டில்ல சாய்க்கிற சீக்கு, அதுக்கு இந்தக் கிழங்கை இதுவரை சொன்ன எந்தச் சோதனையிலயும் குடுத்துப் பாக்கல. விக்கிறவன் அவங்ககிட்டதான் முதல்ல போய் நிக்கான்.

இன்னொரு ரகசியம் சொல்லட்டா? நம்ம சித்த வைத்தியத்துல அமுக்கராச் சூரணம்னு ஒண்ணு. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ ரெண்டு, ஏலம் நாலு, மிளகு எட்டு, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64. இதெல்லாம் கூட்டினா 127. அப்புறம் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? 128 பங்கு! பாதிக்கு மேல சர்க்கரை. அதைச் சூடான பால்ல கலக்கிக் குடிச்சா தெம்பு வராதாடே? எவனுக்குத்தான் வராது? ஆனாலும் பழைய ஆளுக விவரம். கிழங்கைப் பால்ல அவிச்சுச் சுத்தி பண்ணித்தான் சேப்பாவ. அளவு வச்சாவ, பத்தியம் வச்சாவ, ஆளைப் பாத்துக் குடுத்தாவ.

நீ என்ன செய்யுத? கிழங்குல உள்ள விதனோலைடுன்னு ஒரு சத்தை மட்டும் கெட்டியா வடிச்சு எடுத்ததை விழுங்குத. இந்தச் சாதியில விதாஃபெரின்னு ஒண்ணை 1960-கள்ல இஸ்ரேல்காரங்க பிரிச்சு எடுத்து அதோட அமைப்பைக் கண்டுபிடிச்சாவ. செல்லையே கொல்லக்கூடிய சரக்கு. அது இலையில நெறைய இருக்கு. இலை மலிவு, வேரு விலை. சில பேரு இலையையும் சேத்து அரைச்சு விக்க ஆரம்பிச்சாவ. 2021-ல ஆயுஷ் அமைச்சகமே 'இலையைப் போடாதீங்கப்பா'ன்னு கம்பெனிகளுக்கு எழுத வேண்டி வந்துச்சு. ஐஸ்லாந்துலயும் அமெரிக்காவுலயுமா அஞ்சு பேரு இந்த மாத்திரை தின்னு மஞ்சக்காமாலையில விழுந்த கதையை 2020-ல டாக்டருமாரு எழுதினாவ. டென்மார்க்காரன் 2023-ல விக்கவே கூடாதுன்னுட்டான். தைராய்டு மருந்து தின்னுதவங்க, மாசமா இருக்கிறவங்க, ஈரல் கெட்டவங்க இதுகிட்டப் போகாம இருக்கிறது புத்தி.

"இயற்கைதானே தாத்தா, என்ன செஞ்சிரும்"னு இழுக்காத. அரளிக்கொட்டை எந்தக் கம்பெனியில செஞ்சது? எட்டிக்காய்க்கு எவன் லைசென்சு குடுத்தான்? வேலை செய்யுத மருந்துன்னா பக்கவேலையும் செய்யும். ஒரு கெடுதலும் பண்ணாது, எல்லா நல்லதும் பண்ணும்னு எவனாவது சொன்னா, அவன் விக்குததுதான் நிசமான வெத்து மாத்திரை. அதுவும் வெத்து விலைக்குத் தர மாட்டான்.

சரி, நீ என்ன செய்யணும்? முதல்ல தூங்கு. பத்து நாளு போனை அடுத்த அறையில போட்டுட்டுத் தூங்கு. வைத்தியனுக்குக் குடுக்கறதை வாணியனுக்குக் குடுன்னாவ, ஒழுங்காத் தின்னு. அதுலயும் தீரலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தம், சர்க்கரை, தைராய்டு பாரு. அம்மையையும் கூட்டிக்கிட்டுப் போ, உன்னைவிட அவளுக்குத்தான் அவசியம். அதுக்கு மேலயும் மாசக்கணக்கா ஆளைச் சாய்க்குதுன்னா, 'சோம்பேறி'ன்னு சொல்லாத டாக்டராப் பாத்துப் பிடி. அமுக்கரா வேணும்னு ஆசைப்பட்டா, படிச்ச சித்த வைத்தியர்கிட்ட கேட்டு, அளவு தெரிஞ்சு தின்னு. தின்னுதேன்னு உன் டாக்டருகிட்டயும் மறைக்காமச் சொல்லு.

குப்பி விக்கிறவன் வந்தான்னா ஒரே ஒரு கேள்வி கேளு. "அண்ணாச்சி, வெத்து மாத்திரை தின்னவங்களுக்கு எவ்வளவு குறைஞ்சுது?" பதில் சொன்னான்னா உக்காந்து பேசு. முழிச்சான்னா, சட்டைப்பையில கையை விட்டுப் பர்சை இறுக்கிப் பிடிச்சுக்க.

என்னடே, தாத்தா சொல்லிட்டாருன்னு தலையை ஆட்டுத? நான் சொன்னதையும் அப்படியே நம்பிராத. உன் சேக்காளிமாருல பாதிப் பேருக்கு இந்தப் புத்திமதியைச் சொல்லு. மீதிப் பேருக்கு வெத்துப் புத்திமதி சொல்லு, அதுக்குத்தான் வாட்ஸ்அப் இருக்கே. 12 வாரம் கழிச்சு எவன் தெளிஞ்சிருக்கான்னு எண்ணிப் பாத்துட்டு வந்து என்கிட்ட பேசு.